விண்ணின் கணக்கேடு – 9: ஆலங்காயத்து மலையில் ஒளி எண்ணாகிய வரலாறு

சென்ற அத்தியாயத்தில், கோடைக்கானல் மலையுச்சியில் 1904ஆம் ஆண்டு முதலாக, வானம் தெளிந்திருந்த நாளெல்லாம் சூரிய பிம்பத்தைப் படம்பிடித்துச் சேர்த்துவைத்த ஒரு நீண்ட பரம்பரையின் கதையைப் பார்த்தோம். அந்தப் பரம்பரையின் ஒரு கிளை இரவு வானத்தை நாடி ஜவ்வாது மலைத்தொடருக்கு வந்து வேரூன்றியதையும், அங்கே ஒளியின் பதிவு கண்ணாடித் தகட்டை விட்டு எண்களாக உருமாறியதையும், அவ்வெண்களை எப்படிச் சேமித்தால் பிற்காலத்தார் பிழையின்றி வாசிப்பார்கள் என்ற பிரச்சினை எழுந்து படிப்படியாகத் தீர்ந்ததையும் இந்த அத்தியாயத்தில் சொல்லவேண்டும்.

வாணியம்பாடியிலிருந்து தென்கிழக்கே ஆலங்காயத்தை அடைந்து, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறிச் சென்றால், சந்தன மரங்களுக்குப் பேர்போன காடுகளின் நடுவே, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. 1960ஆம் ஆண்டில் கோடைக்கானல் வானாய்வகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற வைணு பாப்பு, பகலில் சூரியனை ஆராய்வதற்கு உகந்த அந்த மலை, இரவில் மங்கலான நட்சத்திரங்களை ஆராய்வதற்கு அத்துணை உகந்ததன்று என்பதை உணர்ந்து, மேகம் குறைந்ததும் நகரத்து வெளிச்சம் எட்டாததும் தென்னிந்தியாவின் எல்லைக்குள் இருப்பதுமான ஓரிடத்தைத் தேடினார். வட அட்சரேகை பன்னிரண்டரைப் பாகையை ஒட்டிய காவலூர், வடவானத்தை மட்டுமின்றித் தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணக் கிடைக்கும் இடமாக அமைந்தது. கிழக்கே ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கே ஆப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட பரந்த பிரதேசத்தில் அத்தகைய வாய்ப்புள்ள பெரிய வானாய்வகங்கள் அக்காலத்தில் அரிதாக இருந்தன. 1968ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு இங்கே பணி தொடங்கிற்று. 1971இல் கோடைக்கானல் வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் சுயாதீன ஸ்தாபனமாக மாறியது. அதற்கு மறு ஆண்டே, ஜெர்மனியின் ஜேனா நகரத்துக் கார்ல் சைஸ் தொழிற்சாலையில் உருவான 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது.

தகடும் ஒளிமின்மானியும்

அந்நாளில் தொலைநோக்கி கண்டதைப் பதிந்துவைப்பதற்கு இருவிதமான உபாயங்கள் வழங்கின. ஒன்று, புகைப்படத் தகடு. தன்மீது விழும் ஒளித்துகள் நூற்றில் ஏறத்தாழ ஒன்றை மட்டுமே பயனாக்கிக்கொள்ளும் இயல்புடைய அந்தத் தகட்டில் மங்கலான ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையைப் பதிக்க, ஆய்வாளர் மணிக்கணக்காக இருளில் அமர்ந்து தொலைநோக்கியை வழிநடத்தவேண்டியிருந்தது. பதிந்த பிறகும் அது கண்ணுக்குக் காட்சியாக இருந்ததேயொழியக் கணக்குக்கு வசப்படவில்லை. ஆகவே, நுண்ணடர்த்திமானி என்னும் யந்திரத்தில் தகட்டை ஏற்றி, மெல்லிய ஒளிக்கற்றையைப் புள்ளி புள்ளியாக அதனூடே செலுத்தி, ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் எண்ணாக மாற்றினார்கள். தகட்டின் கருமையோ ஒளியின் அளவோடு நேர்விகிதத்தில் வளர்வதன்று. அதைச் சீராக்குவதற்கென்று தெரிந்த அளவுள்ள ஒளியைத் தனியே பதித்து, அந்த அளவுகோலையும் உடன்வைத்துக் காக்கவேண்டியிருந்தது. கருவி தரும் பதிவு தனித்து நின்றால் ஊமையாகிவிடும் என்ற பாடம், கணிப்பொறி வருவதற்கு முன்பே வானியலாருக்கு இவ்வாறு கிடைத்துவிட்டது.

மற்றோர் உபாயம் ஒளிமின்மானி. நட்சத்திரத்தின் ஒளியை மின்னோட்டமாக மாற்றி, அதன் ஏற்றத்தாழ்வைக் காலத்தோடு சேர்த்துக் காட்டும் இக்கருவியே காவலூரின் பெயரை உலகறியச் செய்தது. பெரிய தொலைநோக்கி நிறுவப்பட்ட 1972ஆம் ஆண்டின் ஜூன் 7ஆம் நாள், வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்த அபூர்வ நிகழ்ச்சி, ஜாவாத் தீவின் லெம்பாங்கிலிருந்தும் காவலூரிலிருந்தும் பதிவு செய்யப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 1977 மார்ச் 10ஆம் நாள் இரவில் நிகழ்ந்ததோ இத்தொடரின் முழுக் கருத்துக்கும் ஆதாரமாகத் தக்கது.

அன்றிரவு யுரேனஸ் கோள், எஸ்.ஏ.ஓ. 158687 என்ற எண்ணுள்ள நட்சத்திரத்தின் குறுக்கே செல்லும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் வானாய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினர் இந்துமாக் கடலுக்கு மேலே விமானத்தில் இருந்தார்கள், காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நூற்றிரண்டு சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஒளிமின்மானியைப் பொருத்திக் காத்திருந்தார்கள். கோளின் வட்டு நட்சத்திரத்தை விட்டு வெகுதொலைவில் இருக்கும்போதே அதன் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. எதிர்பாராத அந்த மங்கலைக் காவலூரில் கண்டவர்கள், இதுவரை அறியப்படாத துணைக்கோள் ஒன்று இடையே புகுந்திருக்கவேண்டும் என்று கருதி, அவ்வாறே அவ்வாண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். விமானத்தில் இருந்தவர்கள் கோளின் இருபுறமும் சமச்சீராக அமைந்த மங்கல்களைக் கண்டிருந்தபடியால், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்ற உண்மை துலங்கிற்று. அதன் பின்னர், அதே ஆண்டின் இறுதியில், பட்டாச்சார்யாவும் பாப்புவும், சனிக்கு இருப்பதுபோன்ற வளையத் தொகுதி யுரேனஸுக்கும் உண்டு என்பதைக் காவலூரின் பதிவைக்கொண்டு அதே இதழில் எழுதினார்கள்.

இங்கே வாசகர் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நிகழ்ச்சி ஒன்றுதான், இரவும் ஒன்றுதான், நட்சத்திரமும் கோளும் மீண்டும் அந்த நிலையில் வந்து நிற்கப்போவதில்லை. முதல் முடிவுக்கும் இரண்டாம் முடிவுக்கும் இடையே மாறியது வாசித்தவர்களின் அறிவேயன்றிப் பதிவு அன்று. ‘துணைக்கோள் ஒன்று காணப்பட்டது’ என்ற முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, கருவி தந்த மூலப்பதிவை எறிந்திருந்தால், வளையங்களின் வரலாற்றில் காவலூருக்கு இடமே இருந்திராது. கருவி என்ன சொன்னதோ அதை அப்படியே காக்கவேண்டும். நாம் அதிலிருந்து என்ன அறிந்தோம் என்பதை வேறாக எழுதிவைக்கவேண்டும். தரவுத்தளம் என்ற பெயரில் இன்று நாம் கட்டுகின்ற மாளிகைகளுக்கெல்லாம் அடித்தளமாக வேண்டிய இந்தத் தத்துவத்தை ஆலங்காயத்து மலை அன்றே மெய்ப்பித்துவிட்டது.

ஒளி எண்ணாதல்

வைணு பாப்பு 1982 ஆகஸ்ட் 19ஆம் நாள் மியூனிக் நகரில் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டு, இந்தியக் கைகளாலேயே ஆடி தேய்க்கப்பட்டு உருவாயிற்று. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தபோது வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. அக்காலத்திலேயே தகட்டின் இடத்தைப் புதியதொரு சாதனம் கவரத் தொடங்கியிருந்தது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்த, சி.சி.டி. என்று வழங்கும் சிலிக்கன் ஒளியுணரிதான் அது. இதற்காக அவ்விருவருக்கும் 2009இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சிலிக்கன் தகட்டைக் கட்டம் கட்டமாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த ஒளி எத்தனை எலெக்ட்ரான்களை விடுவித்ததோ அத்தனையையும் அங்கேயே தேக்கிவைத்து, பார்வைநேரம் முடிந்ததும் அவற்றை வரிசை வரிசையாக நகர்த்தி, ஒவ்வொன்றையும் அளந்து எண்ணாக்கித் தருவது இந்தச் சாதனத்தின் முறை. தகடு நூற்றில் ஒன்றைப் பிடித்த இடத்தில் இது எண்பதுக்கும் மேற்பட்ட ஒளித்துகளைப் பிடிக்கவல்லது. ஒளி இருமடங்கானால் எண்ணும் இருமடங்காகும் என்ற நேர்மையும் இதற்கு உண்டு. வைணு பாப்பு தொலைநோக்கியில் பயன்பட்ட உணரிகளுள் ஒன்று, பக்கத்துக்கு 1024 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டத்தின் அளவும் பதினாறு பிட், அதாவது இரண்டு பைட், கொண்ட எண்ணாக வந்தால், ஒரே ஒரு படத்துக்கு 20,97,152 பைட் ஆகிறது. பிற்காலத்தில் அத்தொலைநோக்கியோடு ஒளியிழையால் இணைக்கப்பட்ட எஷெல் நிறமாலைமானியின் உணரியோ 2048க்கு 4096 கட்டங்கள் உடையது. அதன் படம் ஒன்றே 1,67,77,216 பைட். கருவியிலிருந்து வருவது இவ்வாறு இரும எண்களின் பெருவெள்ளமாயிற்று.

வெள்ளம் பெரிது என்பதைக் காட்டிலும் அது தன்னைத்தானே விளக்கிக்கொள்ளாது என்பதே பெரிய சங்கடம். உதாரணமாக, 258 என்ற எண்ணை இரண்டு பைட்டுகளில் எழுதினால் ஒன்று, இரண்டு என்று வரும். ஒன்றை 256ஆல் பெருக்கி இரண்டைக் கூட்டவேண்டும். பெரிய பாகத்தை முதலில் எழுதும் கணிப்பொறிகளும் உண்டு. சிறிய பாகத்தை முதலில் எழுதும் கணிப்பொறிகளும் உண்டு. ஒருவகைப் பொறி எழுதியதை மற்றொருவகைப் பொறி விசாரணையின்றி வாசித்தால், 258 என்பது 513 ஆகிவிடும். படத்தின் ஒரு கட்டமும் காணாமற்போகவில்லை. ஒரு பைட்டும் அழியவில்லை. ஆயினும் வானமே பொய்யாகிவிடுகிறது. அகலம் எத்தனை, உயரம் எத்தனை, எண்ணுக்கு எத்தனை பிட், குறைகுறி உண்டா இல்லையா, எந்தத் தொலைநோக்கி, எந்த நாள், எந்த நட்சத்திரம் என்பனவெல்லாம் ஆய்வாளரின் ஞாபகத்திலும் குறிப்புப் புத்தகத்திலும் மட்டுமே இருந்தால், புத்தகம் ஒருபக்கமும் எண்களைத் தாங்கிய காந்த நாடா ஒருபக்கமும் பிரிந்த அன்றே அந்த இரவு செத்தது என்றுதான் கொள்ளவேண்டும்.

தலைப்பும் உடலும்

இச்சங்கடம் உலகத்து வானியலார் அனைவருக்கும் பொதுவாக இருந்தது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த சில வானியலார் கூடி, படத்தை நாடாவில் எழுதுவதற்குப் பொதுவானதோர் அமைப்பை வகுத்தார்கள். வெல்ஸ், கிரைசன், ஹார்ட்டன் ஆகிய மூவரும் 1981இல் அதை விவரித்துப் பிரசுரித்தார்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் 1982இல் அதை ஏற்றுக்கொண்டது. ஃபிட்ஸ் என்று வழங்கும் அந்த அமைப்பே இன்றளவும் வானியலின் பொதுமொழியாக நிலவுகிறது.

அதன் ஏற்பாடு எளிது. கோப்பின் தொடக்கத்தில், எந்தப் பொறியிலும் கண்ணால் வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்துகளில், வரிக்கு எண்பது எழுத்தாகத் தலைப்பு எழுதப்படுகிறது. எண்ணுக்கு எத்தனை பிட், எத்தனை அச்சுகள், ஒவ்வோர் அச்சிலும் எத்தனை கட்டங்கள், எந்த நாள் எந்த வேளை, எந்தக் கருவி என்ற விவரங்கள் வரிவரியாக அமைகின்றன. முடிவு என்று ஒரு வரி தலைப்பை முடித்துவைக்கிறது. அதற்குப் பின்னரே இரும எண்கள் தொடங்குகின்றன. அவற்றில் பெரிய பாகமே எப்போதும் முதலில் வரவேண்டும் என்பது விதி. நம்முடைய சோழர் காலத்துக் கல்வெட்டில், அரசன் இன்னான், ஆட்சியாண்டு இன்னது என்று மெய்க்கீர்த்தி முன்னே நிற்க, கொடையின் விவரம் அதன் பின்னே அதே கல்லில் தொடர்வதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை உடனே விளங்கும். ஆண்டும் அரசனும் வேறொரு கல்லில் வெட்டப்பட்டிருந்தால், கொடையைப் பற்றிய செய்தி நமக்கு எம்மட்டுக்குப் பயன்பட்டிருக்கும்?

முழுக் கோப்பும் 2880 பைட் கொண்ட பகுதிகளாகவே எழுதப்படவேண்டும் என்று விதித்ததிலும் ஆழ்ந்த யோசனை இருந்தது. 2880 பைட் என்பது 23,040 பிட். அக்காலத்துக் கணிப்பொறிகளில் சில பதினாறு பிட்டையும், சில முப்பத்திரண்டையும், சில முப்பத்தாறையும், சில அறுபதையும் ஒரு சொல்லாகக் கொண்டு இயங்கின. அத்தனைக்கும் மீதமின்றி வகுபடும் எண்ணாகப் பார்த்துத் தேர்ந்தார்கள். எந்த நாட்டு யந்திரமும் விலக்கப்படலாகாது என்ற பரந்த நோக்கம் அந்த ஓர் எண்ணிலேயே பொதிந்திருக்கிறது. ஒருமுறை இந்த அமைப்புக்கு இணங்க எழுதப்பட்ட கோப்பு, விதிகள் பின்னர் எவ்வளவு விரிந்தாலும் செல்லாததாகிவிடக்கூடாது என்பதையும் அவர்கள் ஆதாரக் கொள்கையாகக் கொண்டார்கள்.

சூக்ஷ்மமான ஓர் இடத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஃபிட்ஸ் வகுத்த பதினாறு பிட் எண், குறை 32,768 முதல் நிறை 32,767 வரை செல்வது, சி.சி.டி. தருவதோ சுழியம் முதல் 65,535 வரை. ஆகவே ஒவ்வோர் எண்ணிலும் 32,768ஐக் கழித்து எழுதி, ‘வாசிப்பவர் இத்தனையைக் கூட்டிக்கொள்க’ என்று தலைப்பில் ஒரு வரி சேர்ப்பது வழக்கமாயிற்று. அந்த ஒரு வரி தவறினால், பிரகாசமான நட்சத்திரமும் இருண்ட வானமும் தத்தம் அளவில் நில்லாமல், சரிபாதி எண்கள் சுழியத்துக்குக் கீழே போய்விடும். தேதியிலும் இப்படி ஒரு விபத்து காத்திருந்தது. தொடக்கத்தில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதினார்கள். நூற்றாண்டு திரும்பும்போது 1905க்கும் 2005க்கும் வேற்றுமை தெரியாமற்போகும் என்பதை உணர்ந்து, 1997இல் நான்கு இலக்க ஆண்டு முதலில் வரும்படி விதியைத் திருத்தினார்கள். கோடைக்கானலைப் போல ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பதிவுகளைக் காக்கும் ஸ்தாபனத்துக்கு இத்திருத்தம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கருவியின் சாட்சியம் முழுமையாவதற்கு நட்சத்திரத்தின் படம் மட்டும் போதாது என்பதையும் காவலூரின் இரவுப்பணி காட்டுகிறது. ஒளியே படாதபோது உணரி தரும் எண் எது என்பதை அறிய, மூடியைத் திறவாமல் எடுத்த படங்கள் வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் உணர்ச்சி வேறுபடுவதைச் சரிசெய்ய, சீராக ஒளியூட்டப்பட்ட பரப்பின் படங்கள் வேண்டும். நிறமாலையானால், அலைநீளம் தெரிந்த விளக்கின் பதிவும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மூலப்படம் விளக்கமற்றதாகிவிடும். தகட்டுக் காலத்தில் அளவுகோலை உடன்பதித்த அதே ஒழுக்கம், எண் காலத்தில் இவ்வுருவம் எடுத்து நிற்கிறது.

நாடாவிலிருந்து தரவுத்தளத்துக்கு

சேமிக்கும் இடமும் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. 2400 அடி நீளமுள்ள காந்த நாடாவில், அங்குலத்துக்கு 1600 பைட் என்ற நெருக்கத்தில் எழுதினால், இடைவெளி போக ஏறத்தாழ நாலு கோடி பைட் ஏறும். பக்கத்துக்கு 1024 கட்டமுள்ள படமானால் இருபது அளவிலேயே நாடா நிரம்பிவிடும். நாடாவின் குறை கொள்ளளவு மட்டுமன்று. ஒரு நட்சத்திரத்தை எந்தெந்த இரவுகளில் பார்த்திருக்கிறோம் என்று ஒருவர் கேட்டால், நாடாக்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கித் தேடவேண்டியிருந்தது. 1970இல் எட்கர் காட் வகுத்த அட்டவணைமுறைத் தரவுத்தளம் இதற்கு வழிகாட்டிற்று; நாள், கருவி, வானத்தில் இருப்பிடம், பார்வைநேரம் என்று நெடுவரிசைகள் அமைத்தால், கேட்ட கேள்விக்கு நொடியில் விடை கிடைக்கும்.

அப்படியானால் இரும எண்களாலான படத்தையும் அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள்ளேயே வைத்துவிடலாமா, அல்லது வட்டில் கோப்பாக வைத்து, அதன் இருப்பிடத்தை மட்டும் அட்டவணையில் எழுதலாமா என்பது அடுத்து எழுந்த விவாதம். பெரும் இரும உருப்படிகளை ஏற்கும் கட்டங்கள் தரவுத்தளங்களில் உண்டு. ஸ்லோன் வானளவையின் பதிவுகளை 2001இல் பொதுமக்கள் வினவக்கூடிய தரவுத்தளமாக்கிய ஜிம் கிரே, இந்தக் கேள்வியைச் சோதனையால் தீர்க்கவும் முயன்றார். அவரும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 256 கிலோபைட்டுக்குக் குறைந்த உருப்படிகளைத் தரவுத்தளத்துக்குள் வைப்பது நலம். ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றைக் கோப்பாக வெளியே வைப்பது நலம். இடைப்பட்டவை எவ்வளவு அடிக்கடி மாற்றி எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்தவை. பொறிக்குப் பொறி இவ்வெல்லை மாறக்கூடுமாயினும், அதன் நியாயம் மாறவில்லை. கருவியின் நிலையை நொடிக்கு நொடி அறிவிக்கும் சில நூறு பைட் செய்தியை அட்டவணைக்குள்ளேயே வைக்கலாம். எஷெல் நிறமாலைமானியின் படம் போன்றதைக் கோப்பாகவே வைத்து, அதன் தலைப்பில் உள்ள விவரங்களை அட்டவணைக்குப் பிரதியெடுத்துக்கொள்வதுதான் வானாய்வகங்களில் பெருவழக்காக உள்ள முறை.

பிரதி என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன். விவரங்களை அட்டவணைக்கு எடுத்துக்கொண்டோம் என்று தலைப்பைக் கோப்பிலிருந்து நீக்கிவிடலாகாது. மென்பொருள் மாறும், தரவுத்தளம் விற்ற கம்பெனியும் மறையக்கூடும். அன்றைக்குக் கோப்பு மட்டும் எஞ்சியிருந்தாலும், அதன் தலைப்பிலிருந்து அட்டவணையை மீண்டும் கட்டிக்கொள்ளலாம். வெளியே வைத்த கோப்பு காலப்போக்கில் சேதமுறவில்லை என்பதை உறுதிசெய்ய, பைட்டுகள் அனைத்தையும் கூட்டிக் கணித்த சரிபார்ப்பு எண்ணைத் தலைப்பிலும் அட்டவணையிலும் எழுதிவைத்து, அவ்வப்போது ஒத்துப்பார்க்கவேண்டும். இரும எண்களை எழுத்து என்று எண்ணி அனுப்பினால், வரிமுடிவுக் குறியென்று சில பைட்டுகளைப் பொறி தானாகவே மாற்றிப் படத்தைக் கெடுத்துவிடும். எழுத்துவடிவில்தான் அனுப்பவேண்டுமென்று மாற்றினாலோ மூன்று பைட் நாலாகப் பெருகும். ஆதலால் பைட்டைப் பைட்டாகவே ஏற்கும் இடத்தில் வைப்பதும், பைட்டாகவே அனுப்புவதும் பாதுகாப்பு.

இக்கொள்கைகள் வானியலாருக்கு மட்டும் உரியவை என்று எவரும் நினைக்கவேண்டாம். இன்று நம் நாட்டில் மழைமானியும் மின்சார மீட்டரும் மருத்துவமனை ஸ்கேன் யந்திரமும் இரவுபகலாக இரும எண்களைப் பொழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து வேண்டிய ஓரிரு எண்களை மட்டும் எடுத்து அட்டவணையில் எழுதிவிட்டு, மூலத்தை இடம் போதாதென்று அழித்துவிடும் வழக்கம் பெருகிவருவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. எது வேண்டியது என்று தீர்மானித்தவர் இன்றைய அறிவுக்கு எட்டியவரையில்தான் தீர்மானித்தார். பட்டாச்சார்யாவைப் போன்ற தேர்ந்த அறிஞரே முதலில் துணைக்கோள் என்று வாசித்த பதிவில் வளையங்கள் இருந்தன என்றால், நம்முடைய முதல் வாசிப்பே முடிந்த வாசிப்பு என்று கொள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது? எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்க இயலாது என்பது மெய். ஆனால் மீண்டும் நிகழாததைக் கண்ட கருவியின் சாட்சியத்தை, அதன் தலைப்போடும் அளவுகோலோடும் சேர்த்துக் காப்பதற்கு ஆகும் செலவு, அதை இழப்பதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிடத்தக்கதன்று.

இனி, எண் பிறப்பதற்கு முன்பே பதிவானவற்றின் கதி என்ன என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. கோடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த சூரியப் படங்களை, பக்கத்துக்கு 4096 கட்டங்கள் கொண்ட உணரியால் மீண்டும் படமெடுத்து, பதினாறு பிட் எண்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு எழுதி, உலகத்தார் யாவரும் எடுத்து ஆராயும்படி இந்திய வானியற்பியல் நிறுவனம் வெளியிட்ட அரும்பணியை அடுத்த அத்தியாயத்தில் விரிவாகக் காண்போம்.

(தொடரும்)